கஞ்சாப் பூவின் வாசனையும் ரகத்தின் பெயரும்

கஞ்சாச் செடியை உலகறியச் செய்த டி.எச்.சி.க்கும், மருந்துத் துறையில் இன்று அதிகம் பேசப்படும் சி.பி.டி.க்கும் சொல்லத்தக்க வாசனை எதுவும் கிடையாது. எளிதில் ஆவியாகாத கனமான மூலக்கூறுகள் என்பதால் அவை மூக்கை எட்டுவதேயில்லை. பூத்த செடியொன்றின் அருகில் நிற்பவர் உணரும் எலுமிச்சைத் தோல் மணமும், பைன் மரப் பிசின் மணமும், மிளகின் நெடியும், ஈரமண் வாடையும், சில ரகங்களில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வைக்கும் நாற்றமும் முற்றிலும் வேறு பொருள்களிலிருந்து வருபவை. அரை நூற்றாண்டாக டி.எச்.சி. அளவை உயர்த்துவதையே முதல் இலக்காகக் கொண்டு நடந்த பயிர் இனவிருத்தி, அந்த வேறு பொருள்களைப் பெரும்பாலும் இரண்டாம் இடத்திலேயே வைத்திருந்தது. அதனால் நேர்ந்த இழப்பு பெரிது. ஒரு செடியின் பரம்பரையைப் பற்றி வாசனை சொல்லும் அளவுக்கு அதன் பெயர்ச்சீட்டு சொல்வதில்லை என்பதும் கடந்த இருபது ஆண்டுகளின் ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது.

வாசனையின் பெரும்பகுதி டெர்பீன்கள் என்னும் சேர்மங்களால் ஆனது. ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஐசோபிரீன் என்ற அலகை ஒன்றோடொன்று கோத்துத் தாவரங்கள் இவற்றை உருவாக்குகின்றன. இரண்டு அலகுகள் சேர்ந்து 10 கார்பன் அணுக்கள் உடையவை மோனோடெர்பீன்கள். இவை இலேசானவை, விரைவில் ஆவியாகிப் பறப்பவை. மூன்று அலகுகள் சேர்ந்து 15 கார்பன் அணுக்கள் உடையவை செஸ்குவிடெர்பீன்கள். இவை கனமானவை, செடியோடு நெடுநாள் தங்குபவை. தமிழ் அடுக்களைக்கு இவற்றில் பல நன்கு பழக்கமானவை: கொத்தமல்லி விதையின் மணத்துக்குக் காரணமான லினலூலும், ஆரஞ்சுத் தோலை நசுக்கும்போது தெறிக்கும் லிமோனீனும், மிளகிலும் கிராம்பிலும் உள்ள பீட்டா-கேரியோஃபிலீனும், அல்போன்சா மாங்காயின் மணத்தில் முதன்மையான ஓசிமீனும் கஞ்சாப் பூவிலும் காணப்படுகின்றன. ஆகவே கஞ்சாவுக்கு மட்டுமே உரிய டெர்பீன் என்று ஒன்றைத் தேடிப் பயனில்லை. எது எவ்வளவு, எதனுடன் சேர்ந்து என்ற விகிதத்தில்தான் ஒரு ரகத்தின் தனித்தன்மை இருக்கிறது. இந்த விகிதப் பட்டியலையே டெர்பீன் விவரம் என்பர்.

இவை உருவாகும் இடம் வெறுங்கண்ணுக்குச் சர்க்கரை தூவியது போலத் தெரியும் சுரப்பித் தூவிகள். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் நிறமற்ற காம்பொன்றின் மேல் அமர்ந்த உருண்டையான தலையாகத் தோன்றும். தலையின் அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தலைக்குள் அடியில் சுரப்பு உயிரணுக்கள் தட்டுபோலப் பரவியிருக்க, அவை சுரக்கும் எண்ணெய் மேலே உள்ள மெல்லிய புறத்தோல் படலத்தை உயர்த்தி, இடையில் உண்டாகும் அறையில் தேங்குகிறது. விரல் பட்டாலே படலம் கிழிந்து மணம் வெளிப்படுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இத்தூவிகளை வகைப்படுத்தியபோது, காம்பற்ற சிறு தூவிகளில் 8 சுரப்பு உயிரணுக்களும், பூக்களின் மேலுள்ள காம்புள்ள தூவிகளில் 12 முதல் 16 வரையும் இருப்பதையும், முன்னவற்றில் செஸ்குவிடெர்பீன்களும் பின்னவற்றில் மோனோடெர்பீன்களும் மிகுந்திருப்பதையும் கண்டனர். ஒரே செடியின் இலை ஒரு வாசனையும் பூ வேறொரு வாசனையும் தருவதற்கு இதுவே காரணம். இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடைச் சட்டம் பூக்கும், காய்க்கும் நுனிகளையே கஞ்சா என்று வரையறுத்து, நுனிகளோடு சேராத இலையையும் விதையையும் அந்த வரையறைக்கு வெளியே விடுகிறது. சட்டம் கிழித்த இந்தக் கோடு, காம்புள்ள தூவிகள் அடர்ந்திருக்கும் பகுதியின் எல்லையோடு ஏறத்தாழப் பொருந்துவது கவனிக்கத்தக்கது.

இச்சுரப்பிக்குள் நடக்கும் வேதிவினைகளில் ரகம் உருவாக்குவோருக்கு முக்கியமான பிரிவிடம் ஒன்று உண்டு. சுரப்பு உயிரணுவின் கணிகங்களில் ஜெரனைல் டைபாஸ்பேட் என்னும் 10 கார்பன் மூலப்பொருள் உண்டாகிறது. ஒரு நொதி அதை ஒலிவெட்டாலிக் அமிலத்தோடு இணைத்தால் கன்னாபிஜெரோலிக் அமிலமும், அதன் வழியே டி.எச்.சி., சி.பி.டி. ஆகியவற்றின் அமில வடிவங்களும் பிறக்கின்றன. டெர்பீன் சிந்தேஸ் என்னும் நொதிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று அதே மூலப்பொருளை எடுத்துக்கொண்டால் மிர்சீனோ லிமோனீனோ பிறக்கிறது. செஸ்குவிடெர்பீன்களுக்கான மூலப்பொருள் மட்டும் கணிகத்துக்கு வெளியே வேறொரு பாதையில் உருவாகிறது. ஒரே மூலப்பொருளுக்கு இரு தரப்பும் போட்டியிடுவதால், வீரியம் கூடினால் வாசனை குறைந்தே தீரும் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் இரண்டும் ஒரே சுரப்பியின் சரக்கு என்பதால், தூவிகள் அடர்ந்த செடியில் இரண்டுமே மிகுந்திருப்பதுதான் வழக்கம். வீரியத்துக்கு விலையாக மணத்தைக் கொடுக்க நேர்ந்தது என்ற சமாதானம் இதனால் நிற்பதில்லை. மணம் குறைந்த இடங்களில் அது தேர்ந்தெடுக்கப்படாததாலேயே குறைந்தது.

தேர்ந்தெடுப்பதில் உள்ள சிரமமும் உண்மையானது. ஒரு செடி டி.எச்.சி. மிகுந்ததா, சி.பி.டி. மிகுந்ததா, இரண்டும் கலந்ததா என்பது ஒரே மரபணு இடத்தைப் பொறுத்தது போல எளிய முறையில் மரபுவழி இறங்குவதை எட்டியென் டி மேயரும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் காட்டினர். வாசனைக்கு அத்தகைய ஒற்றைச் சாவி இல்லை. யோர்க் போல்மனின் ஆய்வுக் குழு 2017இல், முன்னரே வெளியான கஞ்சா மரபணுத் தொகுதியில் முப்பதுக்கும் மேற்பட்ட டெர்பீன் சிந்தேஸ் மரபணுக்களைச் சுட்டிக்காட்டி, பின்லாந்தின் ஃபினோலா என்னும் சணல்வகை ரகத்திலிருந்து சில நொதிகளைப் பிரித்துச் செயல்படுத்திப் பார்த்தது. அவற்றில் ஒரு நொதி பீட்டா-கேரியோஃபிலீனையும் ஹியூமுலீனையும் ஒருசேரத் தந்தது. ரகத்துக்கு ரகம் எவ்வளவு மாறினாலும் இவ்விரண்டும் கூடவே ஏறி இறங்குவது ஏன் என்பதற்கு இது விடையளிக்கிறது. ஒரு நொதி பல பொருள்களை உண்டாக்குவதும், இம்மரபணுக்களில் பல குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்து சேர்ந்தே இறங்குவதும் சேர்ந்து, வாசனையைத் தனித்தனிச் சேர்மங்களாகவன்றிக் கட்டுக்கட்டாகவே மாற்ற முடியும் என்ற நிலையை உருவாக்கியிருக்கின்றன. ஹியூமுலீனை நீக்கிக் கேரியோஃபிலீனை மட்டும் வைத்துக்கொள்ள விரும்புபவர், அந்த நொதியையே மாற்றியாக வேண்டும்.

இதற்கு மேல் செடியின் இயல்பும் குறுக்கே நிற்கிறது. கஞ்சாவில் பெரும்பாலும் ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள். காற்றுவழி அயல் மகரந்தச் சேர்க்கையால் இனம் பெருகுவதால் ஒவ்வொரு செடியும் பல மரபணுக்களில் இரு வேறு வடிவங்களைச் சுமந்துகொண்டிருக்கும். மணத்தால் சிறந்த பெண் செடியின் விதைகளை விதைத்தால் தாயின் மணத்தோடு ஒத்த செடி அபூர்வமாகவே கிடைக்கும். ஆகவே புகழ்பெற்ற மணங்கள் பலவும் தண்டு வெட்டி வேர்விடச் செய்யும் பதியன்கள் வழியாகவே காப்பாற்றப்படுகின்றன. தந்தையின் நிலை இன்னும் சிக்கலானது. ஆண் பூவில் சுரப்பித் தூவிகள் குறைவு என்பதால், அது மகள்களுக்கு எந்த வாசனையைக் கடத்தப்போகிறது என்பதை நேரடியாக முகர்ந்தறிய வழியில்லை. ஆண் செடியின் தண்டைத் தேய்த்து விரலை முகர்ந்து பார்ப்பது ரகம் உருவாக்குவோரிடையே பழைய வழக்கம். அதிலிருந்து கிடைப்பது மங்கலான குறிப்பு மட்டுமே. மகள் செடிகளைப் பூக்கவிட்டுப் பார்த்தே தந்தையை எடைபோட வேண்டியிருப்பதால், டெர்பீன் சிந்தேஸ் மரபணுக்களை நாற்றுப் பருவத்திலேயே சோதித்தறியும் முறை வேறெந்தப் பண்பையும்விட வாசனைக்கே அதிகம் உதவக்கூடும்.

சந்தையில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையைப் பார்ப்பவர்கள் இத்தனை சிரமத்தையும் தாண்டிப் பெரும் பன்மை உருவாகியிருப்பதாகவே எண்ணுவர். அமெரிக்காவின் ஆறு மாநிலங்களில் விற்பனைக்கு முன் ஆய்வகங்களில் சோதிக்கப்பட்ட ஏறத்தாழ 90,000 மாதிரிகளின் அளவீடுகளை ஒன்றுதிரட்டி 2022இல் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தைக் கலைத்தது. மிகப் பெரும்பான்மையான மாதிரிகள் கேரியோஃபிலீனும் லிமோனீனும் மேலோங்கியவை, மிர்சீனும் பைனீனும் மேலோங்கியவை, டெர்பினோலீனும் மிர்சீனும் மேலோங்கியவை என்ற மூன்றே தொகுதிகளுக்குள் அடங்கின. இண்டிகா, சட்டைவா, இரண்டும் கலந்த ஹைபிரிட் என்று கடைகளில் ஒட்டப்படும் மூன்று சீட்டுகளும் இந்த மூன்று தொகுதிகளோடு சரிவரப் பொருந்தவில்லை. ஒரே பெயரில் விற்கப்பட்ட மாதிரிகளும் எல்லா இடத்திலும் ஒரே விவரம் காட்டவில்லை. ஒரு பெயரை நம்பிப் பணம் கொடுப்பவருக்குச் செய்யப்படும் அநீதி இது; பெயருக்கும் சரக்குக்கும் உள்ள தொடர்பை நெல்லிலோ திராட்சையிலோ இவ்வளவு தளர்வாக எந்தச் சந்தையும் பொறுத்துக்கொள்ளாது.

ஆயினும் அந்தச் சீட்டுகளில் ஒரு துணுக்கு உண்மை ஒளிந்திருக்கிறது; அதை வெளிக்கொணர்ந்ததும் வாசனையே. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நெதர்லாந்தில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 2021இல் வெளியிட்ட ஆய்வில், இண்டிகா என்றும் சட்டைவா என்றும் பெயரிடப்பட்டவை மரபணுத் தொகுதி முழுவதையும் ஒப்பிடும்போது இரு தனி இனங்களாகப் பிரியவில்லை என்று கண்டனர். ஆனால் டெர்பீன் சிந்தேஸ் மரபணுக்கள் அடுத்தடுத்து அமைந்த சில பகுதிகளில் மட்டும் இரு சீட்டுகளுக்கும் இடையே வேறுபாடு தென்பட்டது. மண்வாடை தரும் மிர்சீனும், குவாயால், யூடெஸ்மால் போன்ற செஸ்குவிடெர்பீன் ஆல்கஹால்களும் இண்டிகா என்ற சீட்டோடு சேர்ந்து வந்தன. பெர்கமோட்டீனும் ஃபார்னசீனும் சட்டைவா என்ற சீட்டோடு வந்தன. வளர்ப்போர் இலையின் அகலத்தையோ வம்சாவளியையோ பார்த்துப் பெயரிட்டதாகச் சொல்லிக்கொண்டாலும், நடைமுறையில் முகர்ந்து பார்த்தே பெயரிட்டிருக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது பொருத்தமாகும்.

குவாயாலும் யூடெஸ்மாலும் இவ்விடத்தில் தோன்றியது தற்செயலன்று. இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஹில்லிக், பல நாடுகளிலிருந்து பெற்ற விதைகளைக் கண்ணாடிக் கூடத்தில் ஒரே சூழலில் வளர்த்து, 162 பெண் செடிகளின் பூங்கொத்துகளை வாயு வண்ணப்பிரிகைக் கருவியில் சோதித்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார். (மாதிரியை ஆவியாக்கி நீண்ட குழாயின் வழியே செலுத்தி, ஒவ்வொரு சேர்மமும் வெளிவரும் நேரத்தையும் அளவையும் பதிவுசெய்யும் கருவி இது.) பிறவற்றிலிருந்து மிகத் தெளிவாக விலகி நின்றவை ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த அகன்ற இலைச் செடிகள்; குவாயாலும் யூடெஸ்மால் வகைகளும் அவற்றில் மிகுந்திருந்தன. செடிகளைச் சலித்துப் பிசின் பொடி எடுக்கும் ஹஷீஷ் உற்பத்திக்காகப் பல தலைமுறை உழவர்கள் தேர்ந்தெடுத்து வந்த ரகங்கள் அவை. 1970களில் அவற்றின் விதைகள் கலிபோர்னியாவுக்கும் பின்னர் நெதர்லாந்துக்கும் சென்று, கொலம்பியா, மெக்சிகோ ஆகிய வெப்பநாடுகளின் நெடிய ரகங்களோடு கலந்தன. ஸ்கங்க் என்ற பெயரில் பரவிய ரகம் அக்கலப்பின் நன்கறியப்பட்ட வழித்தோன்றல். தடைச் சட்டத்துக்கு அஞ்சி வீட்டுக்குள் விளக்கொளியில் வளர்க்கும் பழக்கம் பரவியபோது, குட்டையாக வளர்ந்து சில வாரங்களிலேயே பூத்து முடியும் கலப்பினமே வசதியாக இருந்ததால், உலகச் சந்தை ஒரு சிறு தாய்தந்தைக் கூட்டத்தின் வாரிசுகளால் நிரம்பியது. மூன்று வாசனைத் தொகுதிகளுக்குள் 90,000 மாதிரிகள் ஒடுங்கியதற்கான வேர் அங்கேயே இருக்கிறது.

டெர்பீன் விவரத்தையே வாசனை என்று கொள்வதும் தவறாகும். இப்போது பல நிறுவனங்கள் பொட்டலத்தின் மேல் மூன்று டெர்பீன்களின் சதவீதத்தை அச்சிட்டு அதையே மணத்தின் சான்றாகக் காட்டுகின்றன. ஸ்கங்க் என்ற வட அமெரிக்க விலங்கு பீய்ச்சும் திரவத்தின் நாற்றத்தை நினைவூட்டியதால் அந்த ரகத்துக்கு அப்பெயர் வந்தது. நெடுங்காலம் அந்த நாற்றத்துக்கு ஏதோ ஒரு டெர்பீனே காரணம் என்று கருதப்பட்டது. 2021இல் வெளியான ஆய்வொன்று, கந்தக அணுவைக் கொண்ட 3-மெத்தில்-2-பியூட்டீன்-1-தயோல் என்ற சேர்மமே அதற்கு முதற்காரணம் என்று நிறுவியது. டெர்பீன்களோடு ஒப்பிட்டால் அதன் அளவு மிகமிகச் சொற்பம். ஆனால் மனித மூக்கு அதை அசாதாரணக் கூர்மையோடு உணர்கிறது. பூப்பருவத்தின் இறுதி வாரங்களில் அது ஏறி, பதப்படுத்தும்போது உச்சமடைந்து, சேமித்த சில நாள்களிலேயே விழுந்துவிடுவதையும் அதே ஆய்வு காட்டியது. கஞ்சாவின் நெருங்கிய உறவினமான ஹாப்ஸ் சேர்த்துக் காய்ச்சிய பீர், வெயில் பட்டால் கெட்டு வாடையடிப்பதும் இதே சேர்மத்தால்தான். 2023இல் தொடர்ந்து வந்த ஆய்வு, பழ வாசனை தரும் வேறு கந்தகச் சேர்மங்களையும் எஸ்டர்களையும், காரசாரமான வாடையுள்ள சில ரகங்களில் ஸ்கேட்டோல் என்ற சேர்மத்தையும் அடையாளம் கண்டது. டெர்பீன் விவரம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் ஒரு ரகம் பழத்தையும் மற்றொன்று வெங்காயத்தையும் நினைவூட்டுவது இதனாலேயே. டெர்பீன் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறைக்கான தாய்ச்செடியைத் தேர்பவர், இச்சேர்மங்களை அறியாமலேயே களைந்துவிடக்கூடும். பயிற்சிபெற்ற மூக்குக்குக் கருவி துணையாகலாம், மாற்றாக முடியாது.

அறுவடைக்குப் பின் நிகழும் மாற்றங்கள் இந்தக் கணக்கை மேலும் குழப்புகின்றன. மிசிசிப்பி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996இல் காட்டியபடி, உலர்த்தி மூன்று மாதம் வைத்த பூக்களில் நறுமண எண்ணெயில் பாதிக்கு மேல் இழக்கப்படுகிறது. முதலில் போவன இலேசான மோனோடெர்பீன்கள் என்பதால், எஞ்சும் எண்ணெயில் செஸ்குவிடெர்பீன்களின் பங்கு உயர்கிறது. உயிர்வளியோடு வினைபுரிந்து கேரியோஃபிலீன் தன் ஆக்சைடாக மாறுகிறது. ஹஷீஷைத் தேடும் மோப்ப நாய்கள் அந்த ஆக்சைடையே அடையாளமாகக் கொள்கின்றன என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் 1973இலேயே கண்டிருந்தனர். மிர்சீன் ஒளிபட்டு மாறி ஹஷீஷீன் என்ற சேர்மமாவதை 2014இல் வெளியான ஆய்வு விளக்கியது. ஹஷீஷுக்கே உரிய மணத்தில் அதற்குப் பங்குண்டு. பல ஆண்டு உழைப்பில் உருவாக்கிய மணத்தைச் சூடான அறையில் அவசரமாக உலர்த்தி வீணாக்குவது இத்தொழிலில் சாதாரணமாக நடக்கிறது என்பது வருத்தத்துக்குரியது.

மணத்துக்கும் உடலில் தோன்றும் விளைவுக்கும் உள்ள உறவைப் பற்றிச் சந்தையில் சொல்லப்படுபவற்றில் பல ஆதாரமற்றவை. டி.எச்.சி. பிணையும் உடல் ஏற்பிகளுள் ஒன்றான சி.பி.2வோடு பீட்டா-கேரியோஃபிலீனும் நேரடியாகப் பிணைவது 2008இல் நிறுவப்பட்டது. டெர்பீன்கள் டி.எச்.சி.யின் விளைவை மாற்றக்கூடும் என்ற கருத்தை ஈதன் ரூசோ 2011இல் விரிவாக முன்வைத்தார். பின்னர் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வகச் சோதனைகள், சோதித்த டெர்பீன்கள் சி.பி.1, சி.பி.2 ஏற்பிகளின் வழியே அத்தகைய மாற்றம் எதையும் செய்யவில்லை என்று காட்டின. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 20 பேரிடம் நடந்து 2024இல் வெளியான சோதனையில், ஆவியாக்கிய லிமோனீனை டி.எச்.சி.யோடு சேர்த்துக் கொடுத்தபோது பதற்றம் குறைந்தது. இது மதிக்கத்தக்க தொடக்கம். இந்த மணம் உறக்கம் தரும், அந்த மணம் உற்சாகம் தரும் என்று பொட்டலத்தில் அச்சிடுவதற்கு இது போதாது.

மணத்தின் பன்மையை மீட்க வேண்டுமானால் நாட்டு ரகங்கள் இன்னும் வாழும் நிலங்களுக்கே செல்ல வேண்டும்; அந்நிலங்களோ விரைவாக மாறிவருகின்றன. மொராக்கோவின் ரிஃப் மலைப்பகுதியில் மழையை நம்பி விளைந்த பெல்தியா என்ற நாட்டு ரகத்தை, இந்த நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் கர்தாலா முதலிய வெளிநாட்டுக் கலப்பினங்கள் பெருமளவு இடம்பெயர்த்தன. பிசின் விளைச்சல் கூடியது. கோடை முழுவதும் பாசனம் தேவைப்பட்டதால் நிலத்தடி நீர் குறைந்தது. பெல்தியாவின் மணமும் அதோடு பின்வாங்கியது. 2021இல் மருத்துவ, தொழில் பயன்பாட்டுக்கான சாகுபடியை அந்நாடு சட்டப்பூர்வமாக்கிய பின், பெல்தியாவை மீண்டும் பயிரிடுவதற்கான பேச்சு எழுந்திருப்பது நம்பிக்கை தருகிறது. ஆனால் விதையைச் சேமித்து ஓரிரு வயல்களில் விதைப்பதால் மட்டும் ஒரு ரகம் காப்பாற்றப்படுவதில்லை. மொராக்கோவிலிருந்து புறப்பட்ட கஞ்சா மகரந்தம் கடலைத் தாண்டித் தென் ஸ்பெயினின் மாலகா நகரக் காற்றில் பிடிபட்டதை ஸ்பானிய ஆய்வாளர்கள் 1997இல் பதிவுசெய்திருக்கின்றனர். கடலையே தாண்டும் மகரந்தத்தை வேலியோ ஒரு மலைமுகடோ தடுக்கப்போவதில்லை; கலப்பினம் பயிரிடும் உழவர்களும் பெல்தியா பயிரிடும் உழவர்களும் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் பேசி உடன்பட்டு, சில பள்ளத்தாக்குகளையாவது முழுமையாக நாட்டு ரகத்துக்கு ஒதுக்குவதும், அதனால் குறையும் விளைச்சலுக்கு ஈடாக மணத்துக்கென்று தனி விலை கிடைக்கச் செய்வதும் இப்போதே தொடங்கப்பட வேண்டியவை.